கரும்பின் வேரில் ஒரு கூட்டாளி: புழுவைக் கொன்று பயிருக்கு ஊட்டும் பூஞ்சை

ஏப்ரல், மே மாதங்களில் தொலைக்காட்சியில் வெயில் நிலவரம் சொல்லும்போது வேலூருக்குப் பக்கத்தில் அடிக்கடி வந்து நிற்கும் பெயர் திருத்தணி. மலைக்கோயில் ஊர் என்றும், முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்றும் பலருக்குத் தெரியும். 1960 ஏப்ரல் 1 வரை அது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைச் சீரமைப்பில்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். நாம் இங்கே பேசப்போவது அந்த ஊரைச் சுற்றியுள்ள வயல்களைப் பற்றி. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் இருக்கிறது. அந்த ஆலையை நம்பிக் கரும்பு போடும் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் செம்மண்ணில் நிலக்கடலை. இந்த இரண்டு பயிருக்கும் பொதுவான எதிரி ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளை வேர்ப்புழு.

கோடையின் முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த நாளில், மஃரிப் நேரம் தாண்டியதும் வேப்ப மரத்தைச் சுற்றிப் பழுப்பு நிற வண்டுகள் கூட்டமாகப் பறப்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவரை மண்ணுக்குள் கிடந்தவை அவை. இரவெல்லாம் வேப்பிலையைத் தின்றுவிட்டு, விடியும் முன் மண்ணுக்குள் போய்விடும். பெண் வண்டு அங்கே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்து, வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக இருக்கும். முதலில் மக்கிய குப்பையையும் சிறு வேர்களையும் தின்னும். வளர வளரப் பெரிய வேர்களையே கடித்துவிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் பசி உச்சத்தில் இருக்கும். கரும்பு மஞ்சளாகி, காய்ந்து, கையால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வந்துவிடும். தண்ணீர்க் குறைவு என்று நினைத்து விவசாயி தண்ணீர் பாய்ச்சுவார். ஆனால் கீழே தண்ணீரை உறிஞ்ச வேரே இருக்காது.

இந்தப் புழுவுக்குப் பல வருடங்களாக நம் விவசாயிகள் போட்டது குருணை மருந்து. அதில் முக்கியமானது ஃபோரேட். உலக சுகாதார நிறுவனம் பூச்சிமருந்துகளை நச்சின் அளவுப்படி பிரித்து வைத்துள்ள பட்டியலில், மிகக் கொடிய முதல் வகுப்பில் இடம்பெற்றது அது. கையுறை இல்லாமல் வெறும் கையால் தூவியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. அந்த வயலில் களை எடுத்த பெண்கள், வரப்பில் விளையாடிய பிள்ளைகள், மண்ணைக் கொத்திய மைனாக்கள் என்று பாதிப்பு புழுவோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ஆணையின்படி 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் ஃபோரேட்டை விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. நல்ல முடிவு. ஆனால் புழு போகவில்லை. அதற்கு என்ன செய்வது என்ற கேள்வியோடு விவசாயி கடைக்குப் போகிறார். அங்கே அவருக்குக் கொடுக்கப்படுவது பெவேரியா அல்லது மெட்டாரைசியம் என்று எழுதிய ஒரு பொடிப் பாக்கெட்.

“அதைப் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை” என்ற பேச்சைத்தான் பிறகு நாம் கேட்கிறோம். சில இடங்களில் அது உண்மை. பாக்கெட் பழையதாகவோ போலியாகவோ இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. விஷத்தைப் போடுவது போல அதைப் போட்டிருப்பார்கள். அந்தப் பாக்கெட்டில் இருப்பது உயிர். அதன் வீடு பயிரின் வேர். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

புழுவின் தோலில் தொடங்கும் வேலை

மெட்டாரைசியமும் பெவேரியாவும் பூஞ்சைகள். ஈரமான ரொட்டியில் பூக்கும் பூசணம் போன்றவைதான், ஆனால் குணம் வேறு. வைரஸும் பாக்டீரியாவும் வாய் வழியாக உள்ளே போனால்தான் பெரும்பாலும் பூச்சிக்கு நோய் வரும். இந்தப் பூஞ்சைக்கு வாய் தேவையில்லை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டினாலே போதும். ஈரப்பதம் கிடைத்ததும் முளைக்கும். முளையின் நுனி தடித்துத் தோலை அழுத்தும். கூடவே தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். உள்ளே நுழைந்ததும் புழுவின் உடல் திரவத்தில் பெருகி, அதன் சத்தைத் தின்று, சில நச்சுப் பொருட்களையும் விடும். சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் புழு செத்துவிடும். சாதாரணமாகச் செத்த புழு அழுகிக் குழைந்துபோகும். பூஞ்சையால் செத்த புழு குழையாது, காய்ந்து இறுகிவிடும். பிறகு தோலைத் துளைத்துக்கொண்டு பூஞ்சை வெளியே வரும். மெட்டாரைசியம் என்றால் பச்சை நிறம், பெவேரியா என்றால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை.

இந்த வெள்ளைப் பூஞ்சைதான் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களைத் திவாலாக்கியது. இத்தாலியைச் சேர்ந்த அகொஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்கள் இப்படி வெளுத்து இறுகிச் சாவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்று 1835-ல் நிரூபித்தார். கிருமியால் நோய் வரும் என்பதை பாஸ்டருக்கும் காக்குக்கும் முன்பே காட்டியவர் அவர். பெவேரியா பாசியானா என்ற பெயரில் அவர் பெயர் இருக்கிறது. மெட்டாரைசியத்தின் கதை உக்ரைனில் தொடங்குகிறது. 1879-ல் ஒடெசாவில் மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி, கோதுமையை அழித்த வண்டின் புழுக்களில் பச்சைப் பூஞ்சையைப் பார்த்து, இதையே மருந்தாக்கலாமே என்று யோசித்தார். பிற்காலத்தில் நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். 1884-ல் அதே நாட்டின் ஸ்மேலா என்ற ஊரில் இந்தப் பூஞ்சையின் வித்துகளை மொத்தமாக உற்பத்தி செய்து சர்க்கரைக் கிழங்கு வயலில் தூவினார்கள். சர்க்கரைப் பயிருக்கும் இந்தப் பூஞ்சைக்கும் அவ்வளவு பழைய தொடர்பு.

நம் தமிழகத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1912-ல் தொடங்கப்பட்ட கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கரும்பு வயலில் இயற்கையாகச் செத்துக் கிடந்த வேர்ப்புழுக்களிலிருந்து பெவேரியா புராங்னியார்ட்டி என்ற இனத்தை எடுத்து, வளர்த்து, மறுபடி வயலிலேயே சோதித்தார்கள். வேர்ப்புழுவுக்கென்றே பெயர்பெற்ற இனம் இது. சுவிட்சர்லாந்தில் இதே இனத்தைப் பார்லி மணியில் வளர்த்து, மேய்ச்சல் நிலத்தின் மண்ணுக்குள் கருவி வைத்து இறக்குகிறார்கள். மண்ணின் மேலே தூவுவதில்லை, உள்ளே இறக்குகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும்.

வேரும் பூஞ்சையும் செய்யும் கொடுக்கல் வாங்கல்

சுமார் 130 வருடங்களாக இந்தப் பூஞ்சையை எல்லோரும் பூச்சிக்கொல்லி என்று மட்டுமே பார்த்தார்கள். ஆனால் ஒரு கேள்வி விஞ்ஞானிகளை விடவில்லை. மண்ணில் எப்போதும் புழு இருப்பதில்லை. புழு கிடைக்காத மாதங்களில் இந்தப் பூஞ்சை எப்படி உயிரோடு இருக்கிறது? வெற்று மண்ணில் தேடினால் கொஞ்சமாகவும், வேரை ஒட்டிய மண்ணில் தேடினால் நிறையவும் கிடைத்தது. சில நேரம் வேருக்குள்ளேயே கிடைத்தது. பயிருக்கோ எந்த நோயும் இல்லை.

2007-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், செயின்ட் லெஜர் இருவரும் மெட்டாரைசியத்தில் இரண்டு ஒட்டும் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று பூச்சியின் தோலில் ஒட்டுவதற்கு. இன்னொன்று செடியில் ஒட்டுவதற்கு. முதலாவதை நீக்கினால் பூச்சியில் ஒட்டும் சக்தி குறைந்தது, செடியில் ஒட்டுவது குறையவில்லை. இரண்டாவதை நீக்கினால் நேர்மாறு. ஒரே உயிருக்கு இரண்டு பசை, இரண்டு வாழ்க்கை. செடியில் ஒட்டுவதற்கென்றே தனிப் பசை இருக்கிறது என்றால், செடியோடு அதற்கு இருப்பது தற்செயலான உறவு அல்ல.

அந்த உறவில் யாருக்கு என்ன லாபம் என்பதை 2012-ல் கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிடோச்காவின் குழு காட்டியது. அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு எளிமையானது. நைட்ரஜனில் சற்று எடை கூடிய ஒரு வகை உண்டு. அதை அடையாளம் போட்ட ரூபாய் நோட்டு போல எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த நைட்ரஜனை மெழுகுப் பூச்சியின் புழுக்களுக்குள் செலுத்தினார்கள். பிறகு அந்தப் புழுக்களுக்கு மெட்டாரைசியம் நோயை உண்டாக்கினார்கள். தொட்டியில் ஒரு பக்கம் அந்தப் புழு, இன்னொரு பக்கம் பீன்ஸ் செடியோ புல்லோ. நடுவில் மிக நுண்ணிய வலை. வேர் அந்த வலையைத் தாண்ட முடியாது. பூஞ்சையின் இழை மட்டும் தாண்டும். 14 நாட்களில் செடியின் இலையில் அந்த அடையாளம் போட்ட நைட்ரஜன் இருந்தது. பூஞ்சை இல்லாத தொட்டிகளை விடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. புழுவின் உடம்பில் இருந்த சத்தை, பூஞ்சை தன் இழை வழியாகவே கொண்டுபோய் வேரில் சேர்த்திருக்கிறது.

2014-ல் அதே குழு வேறு சில மெட்டாரைசியம் இனங்களிலும் பெவேரியாவிலும் இதே பரிமாற்றத்தைப் பார்த்தது. 2017-ல் கணக்கின் மறுபக்கத்தையும் திறந்தார்கள். இந்த முறை அடையாளம் போட்டது காற்றில் உள்ள கரியமில வாயுவில். செடி அதை உள்வாங்கிச் சர்க்கரையாக்கியது. கொஞ்ச நாளில் அந்த அடையாளம் வேரில் வாழ்ந்த பூஞ்சையின் உடம்பில் தெரிந்தது. ஆக, புழு கிடைக்காத காலத்தில் பூஞ்சைக்கு வேர் சர்க்கரை கொடுத்துக் காப்பாற்றுகிறது. புழு வந்தால் பூஞ்சை அதைக் கொன்று நைட்ரஜனைக் கொடுக்கிறது. நம் வணிகர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைப்பைப் போட்டு நடக்கும் கூட்டு வியாபாரம் இது.

நிலக்கடலை வேரில் முடிச்சுகள் இருப்பதும், அதில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் எடுத்துத் தருவதும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அதனால்தான் யூரியா மூட்டை. வேரைத் தின்ன வந்த எதிரியின் உடம்பிலிருந்தே அந்தச் சத்தைத் திருப்பி வாங்கும் வழி ஒன்றும் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதில் புதுச் செய்தி. இதைச் சொன்னதும் யாராவது “இனி யூரியாவே வேண்டாம்” என்று பாக்கெட் விற்க வந்தால் நம்ப வேண்டாம். செத்த புழு எவ்வளவோ, அவ்வளவு சத்துதான் வரும். கரும்பு போன்ற பெரும்பசிப் பயிருக்கு அது போதாது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வேரிலேயே குடியிருக்கும் காவலாளி, புழு வேரைத் தேடி வரும்போது அங்கேயே காத்திருப்பான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். இப்படி ஓர் ஆய்வு வந்தவுடன், இது 1400 வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று ஏதாவது ஒரு வசனத்தை இழுத்துப் பொருத்தும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதை நாம் செய்யப்போவதில்லை. அல்லாஹ்வின் வேதத்துக்கு நம் பொருத்தங்கள் தேவையில்லை. ஆனால் பூமியில் முளைப்பவை எல்லாம் அளவோடும் நிறையோடும் படைக்கப்பட்டிருப்பதாகச் சூரா அல்-ஹிஜ்ர் நினைவூட்டுவதையும், வானத்தை உயர்த்தியவன் தராசையும் நிலைநாட்டினான் என்று சூரா அர்-ரஹ்மான் சொல்வதையும் அறிந்த ஒருவர், வேரும் பூஞ்சையும் புழுவும் சேர்ந்த இந்தக் கணக்கைப் படித்தால் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

முன்சென்ற நபி ஒருவரை எறும்பு கடித்ததும், அவர் புற்றையே எரிக்கச் சொன்னதும், கடித்தது ஓர் எறும்புதானே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. ஃபோரேட் செய்தது புற்றை எரித்த வேலை. மண்புழு, எறும்பு, பறவை எதையும் அது பார்க்கவில்லை. பூஞ்சை முழுக்கப் பாரபட்சமற்ற சாது என்றும் சொல்ல முடியாது. மெட்டாரைசியத்தில் சில இனங்கள் பலவகைப் பூச்சிகளைக் கொல்லும். சில இனங்கள் மிகவும் குறிவைத்துக் கொல்பவை. மெட்டாரைசியம் அக்ரிடம் என்ற இனம் வெட்டுக்கிளி வகைகளை மட்டுமே தாக்கும். 2020-ல் சோமாலியாவின் மேய்ச்சல் நிலங்களில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அங்கே தெளித்தது இதைத்தான். ஒட்டகமும் ஆடும் மேயும் நிலத்தில், அவற்றுக்குக் கேடு இல்லாத மருந்து வேண்டும் என்பதுதான் காரணம்.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு வரலாம். செத்த புழுவின் சத்தை உறிஞ்சிய செடியின் விளைச்சலை உண்ணலாமா? சாண எரு போட்ட கீரையை நம் முன்னோர் காலத்திலிருந்து உண்டு வருகிறோம். மண்ணுக்குள் போன எதுவும் சிதைந்து, வேறு பொருளாக மாறித்தான் செடிக்குள் போகிறது. கரும்புக்குள் போவது புழு அல்ல, நைட்ரஜன்.

வயலில் எப்படி?

திருத்தணி வெயிலை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பூஞ்சைக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் இதமானது. 35-ஐத் தாண்டினால் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நேரடி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் வித்தை விரைவில் கொன்றுவிடும். மே மாதத்து நண்பகலில் கரும்பு இலையின் மேல் அதைத் தெளிப்பது பணத்தைத் தெளிப்பதற்குச் சமம். ஆனால் அதே நாளில், சோகை மூடிய பாத்தியில், ஒரு சாண் ஆழத்தில், ஈரமான வேர்ப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே நிழல், ஈரம், வேர் தரும் சர்க்கரை எல்லாம் உண்டு. மேலே தீ எரியும் ஊரிலும் அதற்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதை அந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான்.

நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் வைத்திருந்து, மாலை நேரத்தில் வேர் அருகே இட்டு மண் அணைத்துவிட வேண்டும். அடுத்து தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வண்டுகள் வேப்ப மரத்தில் பறந்த மழைக்குப் பின், புழுக்கள் சிறியவையாக இருக்கும்போது இது நடக்க வேண்டும். கரும்பு மஞ்சளான பிறகு போட்டால் பெரிய புழுக்கள் எளிதில் சாகாது, போன வேரும் திரும்பாது. ஏக்கருக்கு எவ்வளவு என்பது பாக்கெட்டின் வீரியத்தைப் பொறுத்தது. அதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தவர்களுக்குத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

பெரிய தவறு ஒன்று உண்டு. கரணை நடும்போது அழுகல் வராமல் இருக்கக் கார்பென்டாசிம் கரைசலில் நனைப்பது வழக்கம். அது பூஞ்சைக்கொல்லி. நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. அதே நாளில் பெவேரியாவையும் போட்டால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் கொன்றதாகிவிடும். சில வாரங்கள் இடைவெளி வேண்டும். மாங்கோசெப் போன்றவற்றுக்கும் இதே பேச்சு.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இவையும் 1968-ம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமுக்கு எத்தனை உயிருள்ள வித்து என்ற எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்க வெயிலில் கிடந்த பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் உயிர் இருக்காது. காய்கறிக் கடையில் கீரை வாடியிருந்தால் வாங்க மாட்டோம் அல்லவா, அந்தக் கணக்குதான்.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் பெவேரியாவைத் தெளிக்கவே கூடாது. பாஸி கண்ட நோய் அதுதான். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களும் பூவில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதர்களுக்கு ஃபோரேட் போன்ற ஆபத்து இதில் இல்லை. ஆனாலும் நுண்ணிய பொடி என்பதால் கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் ஒதுங்கியிருக்கலாம்.

வேர்ப்புழுவுக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மழை மாலைகளில் வேப்ப மரத்தை உலுக்கி வண்டுகளைப் பொறுக்கி அழிப்பது பழைய முறை. ஒரு பெண் வண்டு போனால் அதன் முட்டைகள் அத்தனையும் போகும். தனி ஒருவர் செய்தால் பலன் குறைவு, வண்டு பக்கத்து வயலிலிருந்து வரும். ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கோடை உழவில் புரட்டிப் போட்ட மண்ணில் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் காக்கையும் மைனாவும் கொத்திக்கொள்ளும்.

கரும்பு போடாதவர்களுக்கு

நம் வாசகர்களில் பலர் வணிகத்திலும் வெளிநாட்டு வேலையிலும் இருப்பவர்கள். கரும்பு வயல் அவர்களுக்குத் தூரம். ஆனால் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு இல்லாத குடும்பங்கள் குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். விழுந்து மக்கும் தென்னந்தண்டும் எருக்குழியும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். அதன் புழு வேரைத் தின்பதில்லை, குப்பையில் வளர்கிறது. வளர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைக்கிறது. எருக்குழியில் மெட்டாரைசியம் கலந்து விடுவது கேரளாவில் காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் நீண்ட நாளாகச் சொல்லிவரும் முறை. ஒரு முறை கலந்தால் அங்கேயே செத்த புழுக்களில் பெருகி, அடுத்து வரும் புழுக்களையும் பிடிக்கும். அந்த எரு பிறகு தோப்புக்குப் போகும்போது பூஞ்சையும் கூடவே போகும்.

வக்ஃப் நிலங்கள் பல குத்தகையில் இருக்கின்றன. குத்தகைத் தொகை வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கும் நிர்வாகிகள், அந்த மண்ணில் என்ன கொட்டப்படுகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். நட்ட மரத்திலிருந்தும் விதைத்த பயிரிலிருந்தும் பறவையோ விலங்கோ மனிதனோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துள்ள நபிமொழியை ஜும்ஆ பயான்களில் கேட்கிறோம். பறவை உண்ட பின் உயிரோடு பறந்து போக வேண்டும் என்பதும் அதில் அடங்கியதுதானே.

வீட்டு மாடித் தோட்டத்தில் ரோஜாவோ கத்தரியோ காரணமில்லாமல் வாடினால், தொட்டி மண்ணைக் கொட்டிப் பார்த்தால் இதே வளைந்த வெள்ளைப் புழு சில நேரம் கிடைக்கும். பழைய எருவோடு வந்திருக்கும். உயிரோடு இருந்தால் எடுத்துக் கோழிக்குப் போடலாம். வயலிலோ தொட்டியிலோ மண்வெட்டியின் முனையில், அழுகாமல், விறைத்து, மேலே பச்சையோ வெள்ளையோ பூத்த ஒரு புழு கண்ணில் பட்டால் தூக்கி எறிய வேண்டாம். அதில் உள்ள வித்துகள் நாம் காசு கொடுத்து வாங்கும் அதே சரக்கு, அதிலும் நம் மண்ணுக்கும் நம் வெயிலுக்கும் பழகியது. கையால் பொடித்து, பக்கத்துச் செடியின் வேர் அருகே ஈரமண்ணில் போட்டு மூடிவிட்டால் போதும்.